சத்திரத்துத் திண்ணையும் சிலும்பியும்

ஒரத்தநாட்டுக்குப் போகிறவர்கள் முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1802-ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. ராமேசுவர யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டதோடு, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்த இடம் அது. அந்தச் சாலையில் நடந்தவர்களில் வடநாட்டுப் பைராகிகளும் உண்டு. அவர்களுடைய மூட்டையில் சிலும்பியும் இருந்திருக்கும் என்று ஊகித்தால் பிழையில்லை. என் பாட்டனார் சொல்வார்: எங்கள் ஊர்ச் சத்திரத்துத் திண்ணையில் கஞ்சா குடித்துக்கொண்டிருந்த பைராகி ஒருவர், வேடிக்கை பார்க்க வந்த பையன்களைக் கையை ஓங்கி விரட்டுவாராம். தாம் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாராம்!

1893-இல் வங்காளத்துக் கஞ்சாவைப் பற்றி இங்கிலாந்துப் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. இந்திய சர்க்கார் ஒரு கமிஷன் போட்டது. மதராஸ் ராஜதானியிலும் விசாரணை நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள்! பைத்திய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் வேடிக்கை வெளிப்பட்டது. தெருவில் அலைந்தவனைப் போலீசார் பிடித்து வருவார்கள். நோய்க்குக் காரணம் தெரியாவிட்டால் 'கஞ்சா' என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொன்றாக விசாரித்தபோது அந்தக் கணக்கில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. அளவோடு குடிப்பவனுக்குப் பெருந்தீங்கில்லை, மிஞ்சினால் கேடு, தடை வேண்டாம், வரி போதும் என்று 1894-இல் அறிக்கை வெளியாயிற்று. நேர்மையான வேலை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால், "வெள்ளைக்காரனே குற்றமில்லை என்று சொல்லிவிட்டானே!" என்று இன்று கல்லூரிப் பையன்கள் வாதாடும்போது எனக்குச் சங்கடமாயிருக்கிறது. கமிஷன் முக்கியமாகக் கண்டது உழைத்துக் களைத்த கூலிக்காரனையும் சாமியாரையும். பதினைந்து வயதுப் பையனின் மூளையைத் தனியே எடுத்து ஆராயும் விஞ்ஞானம் அன்று பிறக்கவில்லை.

அது பிறகு வந்தது. ஸ்வீடன் தேசத்தில் 1969, 1970-ஆம் ஆண்டுகளில் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருஷம் கவனித்து, 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்குமேல் கஞ்சா குடித்திருந்தவர்களுக்குச் சித்தப்பிரமை நோய் வருவது, குடிக்காதவர்களைப்போல் ஆறு மடங்கு. மனம் ஏற்கெனவே கலங்கியவர்கள்தாம் கஞ்சாவைத் தேடினார்களோ என்ற சந்தேகம் நியாயமானதே. அதைக் கழித்துப் பார்த்தாலும் அபாயம் குறைகிறதே தவிர, மறைவதில்லை. இருபத்தைந்து வயதுவரை மூளை முற்றுவதில்லையாம். டெல்டாக்காரனுக்கு இது புரியாததா? கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நேர்ந்த கேட்டுக்கும், முற்றிய பின் நேர்ந்த கேட்டுக்கும் உள்ள வித்தியாசம் களத்தில் தூற்றும்போது தெரியுமே!

1985-இல் கடுமையான சட்டம் வந்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் இலங்கைக்குப் படகேற இருந்த மூட்டைகள் பிடிபட்டதாகப் பத்திரிகையில் செய்தி வருகிறது. எத்தனை கிலோ என்று போடுகிறார்கள். வரும் வழியில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடையில் எவ்வளவு இறங்கிற்று என்பதை யாரும் போடுவதில்லை.