பக்கவாட்டில் பதிவான காணொளியை நிமிர்த்துவது எப்படி?

தோட்டத்துக் கோயில் தீமிதி, மகளின் அரங்கேற்றம், பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் என்று ஆசையாகக் கைப்பேசியில் எடுத்திருப்போம். பிறகு திறந்து பார்த்தால் எல்லாரும் படுத்துக் கிடப்பார்கள். காணொளி கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். படம் முழுமையாகத்தான் இருக்கிறது; திசை மட்டுமே தவறு.

ஏன் இப்படி ஆகிறது?
கைப்பேசியை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பதை அதிலுள்ள உணரி புவியீர்ப்பைக் கொண்டு அறிகிறது. பதிவு தொடங்கும்போது இருந்த திசை, கோப்பில் ஒரு குறிப்பாகப் பதிவாகிவிடும். நடுவில் கைப்பேசியைத் திருப்பினாலும் அந்தக் குறிப்பு மாறாது. தரையில் போட்ட கோலத்தை நேர் மேலிருந்து எடுக்கும்போது, எந்தப் பக்கம் மேல் என்று உணரியால் கண்டுபிடிக்க முடியாது.

ஐபோனில்
போட்டோஸ் செயலியில் காணொளியைத் திறந்து ‘எடிட்’ தட்டுங்கள். ‘குரோப்’ பகுதிக்குச் சென்றால், வளைந்த அம்புக்குறியுடன் ஒரு சதுரம் தெரியும். அதை ஒருமுறை தட்டினால் 90 பாகை திரும்பும். நிமிரும்வரை தட்டி, ‘டன்’ கொடுங்கள். 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இந்த வசதி உண்டு. பழையபடி வேண்டுமென்றால் ‘ரிவர்ட்’ தட்டலாம்.

ஆண்ட்ராய்டில்
கூகுள் போட்டோஸில் காணொளியைத் திறந்து ‘எடிட்’, ‘குரோப்’ என்று சென்று, திருப்பும் பொத்தானைத் தட்டுங்கள். பிறகு ‘சேவ் காப்பி’ கொடுத்தால் புதிய நகல் உருவாகும். மூலம் அப்படியே இருக்கும்.

கணினியில்
விண்டோஸ் 11இல் உள்ள கிளிப்சாம்ப் செயலியில் காணொளியைத் திருப்பி ‘எக்ஸ்போர்ட்’ செய்யலாம். மேக் கணினியில் குயிக்டைம் பிளேயரின் ‘எடிட்’ பட்டியலில் ‘ரொட்டேட்’ இருக்கிறது. விஎல்சியில் ‘எஃபெக்ட்ஸ்’ வழியாகத் திருப்பினால், அது பார்ப்பதற்கு மட்டுமே, கோப்பு மாறாது.

தொலைக்காட்சியில் மட்டும் சாய்கிறதா?
கைப்பேசியில் நேராகத் தெரியும் காணொளி, பென்டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது சாய்ந்து தெரியலாம். சில பழைய தொலைக்காட்சிகள் திசைக் குறிப்பைப் படிப்பதில்லை. அந்தக் காணொளியைக் கிளிப்சாம்பில் நேராக வைத்து ‘எக்ஸ்போர்ட்’ செய்தால், படமே நிமிர்ந்த நிலையில் புதிய கோப்பாகிவிடும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை
• ‘ஃபிளிப்’ வேறு, ‘ரொட்டேட்’ வேறு. ‘ஃபிளிப்’ செய்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பதாகை எழுத்துகள் தலைகீழ் வரிசையில் தெரியும்.
• படுத்திருந்த படத்தை நிமிர்த்தினால், தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டை வரலாம். அதை நீக்கப் படத்தை வெட்டினால், மேலும் கீழும் உள்ள பகுதிகள் காணாமல் போகும்.
• வாட்ஸ்அப்பில் வந்த காணொளி பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடம் மூலத்தைக் கேளுங்கள். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது.
• மறைந்தவர்களின் குரலும் முகமும் உள்ள காணொளிகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே திருத்துங்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது, கைப்பேசியைச் சரியாகப் பிடித்து ஓரிரு நொடி பொறுங்கள். திரையில் உள்ள சிறு குறியீடுகள் நிமிர்ந்த பிறகு பதிவைத் தொடங்குங்கள்.