மருத்துவச் செலவுச் சுமையும் வட்டார ஏற்றத்தாழ்வும்: மாகாண நிதி வரலாற்றின் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் ஒரே நோய்க்கு ஒரே வருவாயுடைய இரு குடும்பங்கள் ஏற்கும் செலவு, அவை வாழும் மாநிலத்தைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டிற்கு மாநிலங்களின் இன்றைய நிர்வாகத் திறனை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. மருத்துவப் பொறுப்பு 1919இல் மாகாணங்களுக்கு மாற்றப்பட்டபோது அதற்கு ஈடான வருவாய் சமமாகப் பகிரப்படவில்லை. அந்த இடைவெளியை அரசுகள் நிரப்பாத இடங்களில் குடும்பங்கள் நிரப்பின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவச் செலவு, இரட்டையாட்சி, மெஸ்டன் தீர்வு, போர் குழு, நிதிக்குழு, சொந்தக் கைச்செலவு.

முன்னுரை

மருத்துவச் செலவு பற்றிய ஆய்வுகளில் ‘செலவு’, ‘சுமை’ ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் ஆளப்படுவதுண்டு. இவற்றை வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது. கேரளம் மருத்துவத்திற்குக் குடும்பங்கள் மிகுதியாகச் செலவிடும் மாநிலங்களுள் ஒன்று. ஆயினும் அங்கு நோயுற்றோர் பெரும்பாலும் மருத்துவம் பெற்றுவிடுகின்றனர். மருத்துவமனை எட்டாத தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் செலவு குறைவாகப் பதிவாகலாம். அது மருத்துவம் மலிவாகக் கிடைத்ததன் விளைவாக இராமல், மருத்துவமே பெறாமல் விட்டதன் விளைவாகவும் இருக்கலாம். ஆகவே, செலுத்திய தொகையும் கைவிட்ட மருத்துவமும் சேர்ந்ததே சுமை எனக் கொள்ளல் வேண்டும். இவ்வரையறையோடு நோக்கும்போது வட்டார வேறுபாட்டின் வேர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டவை என்பது புலனாகிறது.

பொறுப்பும் வருவாயும்: 1919இன் பகிர்வு

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைப் புகுத்தியது. மருத்துவ நிர்வாகமும் பொதுச் சுகாதாரமும் ‘மாற்றப்பட்ட துறைகள்’ ஆகி இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் வந்தன. நிதித்துறையோ ‘ஒதுக்கப்பட்ட துறை’யாக ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தது. மருத்துவமனை திறக்க வேண்டியவர் ஒருவர், அதற்குப் பணம் ஒதுக்குபவர் மற்றொருவர் என்னும் நிலை இவ்வாறு தோன்றியது.

வருவாய்ப் பகிர்வில் நிலவரி, கலால், முத்திரைத்தாள் வருவாய் முதலியன மாகாணங்களுக்கும், சுங்கம், வருமான வரி முதலியன நடுவணரசுக்கும் உரியவாயின. இதனால் நடுவணரசுக்கு ஏற்பட்ட பற்றாக்குறையை ஈடுசெய்ய மாகாணங்கள் ஆண்டுதோறும் பங்களிப்புச் செலுத்த வேண்டும் என மெஸ்டன் குழு வகுத்தது. மொத்தப் பங்களிப்பு 983 இலட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணம் மட்டும் 348 இலட்சமும், ஐக்கிய மாகாணம் 240 இலட்சமும், பஞ்சாப் 175 இலட்சமும் ஏற்றன. வங்காளத்தின் பங்கு 63 இலட்சம். பம்பாயின் பங்கு 56 இலட்சம். பீகார்–ஒரிசா மாகாணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டது.

இவ்விலக்கு கருதத்தக்கது. பீகாரின் பெரும்பகுதி 1793ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்திற்கு உட்பட்டது. விளைச்சலும் விலையும் உயர்ந்தபோதும் அரசுக்குரிய வரி உயரவில்லை. உயர்வின் பயன் சமீன்தார்களைச் சேர்ந்தது. நிலவரியை முதன்மை வருவாயாகக் கொண்ட மாகாண ஆட்சியில் இது மருத்துவத்திற்குச் செலவிடும் ஆற்றலையும் சுருக்கியது. பங்களிப்பிலிருந்து விடுவித்தது அம்மாகாணத்தின் வறுமையை அரசு ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகும். ஆனால் அவ்வறுமையை ஈடுசெய்யும் மானியம் எதுவும் அப்பகிர்வில் இடம்பெறவில்லை.

சென்னை மாகாணத்தின் பட்டறிவு

வருவாய் மட்டுமே அனைத்தையும் தீர்மானித்தது எனக் கொள்வதும் பொருந்தாது. பெருந்தொகை செலுத்திய ஐக்கிய மாகாணத்தின் நிலப்பகுதி, இன்றைய உத்தரப் பிரதேசமாக, மருத்துவ வசதியில் பின்தங்கிய மாநிலங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. அதனினும் மிகுதியாகச் செலுத்திய சென்னை வேறொரு வழியில் சென்றது. இருந்த வருவாய் எதற்குப் பயன்பட்டது என்னும் வினாவும் எனவே இன்றியமையாததாகிறது.

நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1924இல் ஊரக மருத்துவ உதவித்திட்டம் தொடங்கப்பட்டது. நகரங்களில் தங்க விரும்பும் மருத்துவர்களைச் சிற்றூர்களில் குடியேறச் செய்ய அரசு உதவித்தொகை வழங்கியது. அதற்கு ஈடாக அவர்கள் ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தல் வேண்டும். வசதியுள்ளோரிடம் கட்டணம் பெறலாம். முழு மருத்துவமனை கட்ட நிதியில்லாத அரசு, நோயாளியின் செலவில் ஒரு பகுதியைத் தான் ஏற்கும் முறையாக இதனைக் கருதலாம். 1939இல் இந்தியாவின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டதும் இத்தொடர்ச்சியில் வைத்து எண்ணத்தக்கது.

போர் குழு கண்ட இடைவெளி

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கையளித்த போர் குழுவில் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் ஓர் உறுப்பினர். பிரித்தானிய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவரும் 43,000 பேருக்கு ஒரு செவிலியரும் இருந்தனர் என அவ்வறிக்கை கணக்கிட்டது. ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கைகளே இருந்தன. இருந்த மருத்துவர்களும் நகரங்களிலேயே திரண்டிருந்தனர்.

பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் போதிய மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அக்குழுவின் அடிப்படைக் கொள்கை. அரசுகள் தம் செலவில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் நலவாழ்வுக்கு ஒதுக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. எல்லா மாகாணங்களுக்கும் ஒரே விழுக்காடு என்பது தோற்றத்தில் சமமானது. ஆனால் வருவாய் குறைந்த மாகாணத்தின் 15 விழுக்காடும் வருவாய் மிகுந்த மாகாணத்தின் 15 விழுக்காடும் ஒரே எண்ணிக்கையிலான படுக்கைகளைத் தருவதில்லை.

குடியரசுக் காலம்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் ‘பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள், மருந்தகங்கள்’ ஆகியவற்றை மாநிலப் பட்டியலில் வைத்தது. 1952 முதல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் தோன்றின. மலேரியா, பெரியம்மை, குடும்பக் கட்டுப்பாடு போன்ற தனித்திட்டங்களுக்கு நடுவணரசு நிதி அளித்தது. அன்றாட நோய்க்கான மருத்துவமும் மருந்தும் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பிலேயே நின்றன. வருவாய் குறைந்த மாநிலங்களில் கட்டடம் எழுந்த இடத்தில் மருத்துவர் இல்லை; மருத்துவர் இருந்த இடத்தில் மருந்து இல்லை. நோயாளி மருந்துச் சீட்டோடு கடைக்குச் செல்லும் வழக்கம் இங்ஙனம் நிலைபெற்றது.

இதன் விளைவைத் தேசிய மாதிரி ஆய்வுகள் காட்டுகின்றன. ஊரகப் பகுதியில் உள்நோயாளிகளுள் அரசு மருத்துவமனையை நாடியோர் 1986–87இல் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர். 1995–96இல் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர். நோயுற்றும் மருத்துவம் பெறாத ஊரக மக்களுள் பணமின்மையைக் காரணமாகக் கூறியோரின் பங்கு இதே காலத்தில் 15இலிருந்து 24 விழுக்காடாக உயர்ந்தது. இவை நாடு தழுவிய சராசரிகள். மருந்து விலைக் கட்டுப்பாடும் இக்காலத்தில் தளர்ந்தது. 1979இல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மூல மருந்துகள் 347, 1995இல் 74. மருந்து விலை நாடு முழுதும் உயரும்போது, அரசு மருத்துவமனை மருந்து தரும் மாநிலத்தில் நோயாளி அதனை உணர்வது குறைவு. தராத மாநிலத்தில் முழு உயர்வும் அவரையே சேர்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பட்டு 1995இல் செயற்படத் தொடங்கியது இச்சூழலில்தான். மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்குகள், தரச்சோதனை ஆகியவற்றின் வாயிலாக அரசு மருத்துவமனைகளில் மருந்து இருப்பை அது உறுதிசெய்தது. இதனையொத்த அமைப்பின் துணையுடன் இராசத்தான் 2011இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் ஒரே மருந்துக்கு ஒரு மாநிலத்தவர் பணம் செலுத்த, மற்றொரு மாநிலத்தவர் இலவசமாகப் பெற்றனர்.

கணக்கில் வராத ஒரு பகுதியும் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சூழ்ந்த தெருக்களில் வங்காள மொழிப் பெயர்ப்பலகைகள் காணப்படுவது பலரும் அறிந்தது. கிழக்கிந்தியாவிலிருந்து வரும் நோயாளிகளின் தொடர்வண்டிக் கட்டணம், விடுதி வாடகை, உடன் வந்தவரின் கூலியிழப்பு ஆகியவை மருத்துவச் செலவு என்னும் தலைப்பில் முழுமையாக அடங்குவதில்லை. ஒரு மாநிலத்தின் மருத்துவப் பற்றாக்குறைக்கு அதன் மக்கள் மற்றொரு மாநிலத்தில் செலுத்தும் விலை அது.

ஈடுசெய்யும் முயற்சிகள்

1919இன் பகிர்வில் இல்லாதிருந்த ஈடு, ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின் ஒரு வடிவம் பெற்றது. சி. ரங்கராஜன் தலைமையிலான 12ஆவது நிதிக்குழு, 2005–10 காலத்திற்கு அசாம், பீகார், சார்க்கண்டு, மத்தியப் பிரதேசம், ஒரிசா, உத்தரப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய 7 மாநிலங்களுக்கு நலவாழ்வுச் செலவைச் சமன்செய்ய 5,887 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. இம்மானியம் இடைவெளியின் ஒரு பகுதியை மட்டுமே நிரப்ப வல்லது; அடுத்த குழுவின் காலத்தில் அது தொடரவுமில்லை. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் 18 மாநிலங்களுக்குச் சிறப்புக் கவனம் அளித்தது. 2018இன் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் செலவை ஏற்கிறது. புறநோயாளியின் அன்றாட மருந்துச் செலவு அதன் எல்லைக்கு வெளியே உள்ளது.

தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி, மொத்த நலவாழ்வுச் செலவில் குடும்பங்களின் சொந்தக் கைச்செலவு 2013–14இல் 64.2 விழுக்காடு, 2021–22இல் 39.4 விழுக்காடு. இச்சராசரி இறக்கம் வரவேற்கத்தக்கது. எனினும் கைவிட்ட மருத்துவம் இவ்வெண்ணில் இடம்பெறுவதில்லை என்பதால், சுமையின் இறக்கத்திற்கு இதனை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

வட்டார ஏற்றத்தாழ்வு மூன்று அடுக்குகளில் உருவானது. பொறுப்பை மாற்றி வருவாயைச் சமமாகப் பகிராத 1919இன் ஏற்பாடு முதலாவது. அதனை ஈடுசெய்யாமல் தொடர்ந்த குடியரசுக் கால நிதிமுறை இரண்டாவது. உள்ள வருவாயை மருந்துக்கும் மருத்துவருக்கும் செலவிட முன்வந்த அரசுகளுக்கும் முன்வராத அரசுகளுக்கும் இடையிலான வேறுபாடு மூன்றாவது. சென்னையின் 1924ஆம் ஆண்டுத் திட்டமும் 1994ஆம் ஆண்டுக் கழகமும் மூன்றாம் அடுக்கை ஒரு மாநிலம் தானே சரிசெய்ய இயலும் என்பதற்குச் சான்றுகள். முதலிரண்டையும் எந்த மாநிலமும் தனித்துச் சரிசெய்ய இயலாது. பீகாருக்கு 1920களில் அளிக்கப்பட்டது விலக்கு; அதற்குத் தேவைப்பட்டதோ மானியம். அவ்வேறுபாட்டின் விலையை அப்பகுதியின் குடும்பங்கள் இன்றும் செலுத்தி வருகின்றன.