மலாக்காச் செம்பூராங்கல்லும் பெர்த்தோலேயின் வழக்கும்

மெர்லிமாவிலிருந்து மலாக்கா நகருக்குச் செல்வோர் காணும் பழைய கோட்டை, போர்த்துக்கேயர் 1511ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கியது. அதற்குப் பெரிதும் பயன்பட்டது துருநிறங்கொண்ட செம்பூராங்கல். 1807ல் ஆங்கிலேயர் கோட்டையை இடிக்கலாயினர். எஞ்சி நிற்பது ஒரு வாயிலே. அதே 1807ல் வெளிவந்த தமது பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் இக்கல்லுக்கு 'லாட்டரைட்' எனப் பெயரிட்டார். மலையாள நாட்டு அங்காடிப்புரத்தருகே மக்கள் இதனை வெட்டிச் செங்கல்போற் பயன்படுத்தக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அவர் ஆக்கிய பெயர் அது.

இக்கல்லுக்கு நிறமூட்டுவது இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள்களாகும். உலோகமும் பிராணவாயுவும் சேருங்கால் அவற்றின் அளவு நிலையானதா, மாறுவதா? புக்கானன் நூல் வெளிவந்த காலத்தில் ஐரோப்பிய இரசாயன அறிஞரிடையே நடந்த பெருவழக்கு இதுவே. ஸ்பெயினில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் புரூஸ்ட், 1799ல் செம்புக் கார்பனேட்டைச் சோதித்து, மண்ணில் விளைந்ததும் சாலையில் ஆக்கியதும் ஒரே விகிதமுடையவை என்றார். பெர்த்தோலே அதனை ஏற்கவில்லை. நெப்போலியனுடன் எகிப்து சென்றிருந்த அவர், அங்குள்ள உவர் ஏரிகளில் உப்பும் சுண்ணாம்புக் கல்லும் கூடிச் சோடா உண்டாவதைக் கண்டவர். ஆய்வுச்சாலையில் நிகழ்வதற்கு நேர்மாறான மாற்றம் அது! சேரும் பொருள்களின் அளவும் சூழ்நிலையும் விளைவை மாற்றும் என்பது அதனின்று அவர் பெற்ற பாடம். கூட்டுப்பொருளின் விகிதமும் அவ்வாறே மாறும் என்று 1803ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். புரூஸ்ட் விடவில்லை. "மாறும் விகிதம்" எனக் காட்டப்பட்டவை இரண்டு ஆக்ஸைடுகளின் வெறுங் கலவையே என்று பிரித்துக் காட்டினார். 1808ல் டால்ட்டனின் அணுக்கொள்கை நூலும் வந்தது, பெர்த்தோலே தோற்றார்.

தோல்வி முழுமையானதன்று. 1910களில் ருஷ்ய அறிஞர் குர்னாக்கோவ், நிலைத்த விகிதமுடையவற்றை டால்ட்டனைடு என்றும், மாறும் விகிதமுடையவற்றைப் பெர்த்தோலைடு என்றும் அழைத்தார். 1933ல் ஜெட், ஃபுட் என்னும் இருவர் எக்ஸ் கதிரால் வுஸ்டைட் என்னும் இரும்பு ஆக்ஸைடை ஆராய்ந்தனர். பிராணவாயு அணு நூறிருந்தால் இரும்பணு தொண்ணூற்றைந்தோ, அதற்கும் குறைவோ. மற்ற இடங்கள் வெறுமை. இங்கே கலவை என்னும் புரூஸ்டின் விடை செல்லாது. ஒரே படிகத்துள்ளேயே குறை இருக்கிறது. அக்குறையின் அளவோ வெப்பத்தையும் சுற்றியுள்ள பிராணவாயுவையும் பொறுத்தது. பெர்த்தோலே இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். எனினும் எல்லாப் பொருளும் இப்படி என்று அவர் கருதியது பிழையே.

செம்பூராங்கல்லில் வுஸ்டைட் இல்லை. அதிலுள்ள முக்கிய இரும்புக் கனிமங்களுள் ஒன்று, ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் பெயர் பூண்ட கோதைட். கல் முழுவதும் கலவைதான், அதில் ஐயமில்லை. ஆனால் 1961ல் நாரிஷ், டெய்லர் என்னும் ஆய்வாளர் மண்ணிலுள்ள கோதைட்டைச் சோதித்தபோது, அதன் படிகத்திலேயே இரும்பின் இடத்தில் அலுமினியம் அமர்ந்திருக்கக் கண்டனர். வுஸ்டைட்டைப்போல் இடம் வெறுமையாவதில்லை. ஆள் மாறுகிறது, அவ்வளவே. மாறும் அளவு மண்ணுக்கு மண் வேறு. சிலவற்றில் நூற்றுக்கு முப்பதையும் எட்டும்.