வானொலி அறிவிப்பாளரும் மலையகத்து இசையும்

ஒரு சமுதாயத்தின் பாடலைத் தெரிந்தெடுப்போர் யாவர்? அதனைப் பாடும் மக்களே என்பது பண்டைய விடை. வானொலி தோன்றியபின் இசைத்தட்டைத் தெரிந்து ஒலிபரப்பும் அறிவிப்பாளரும் அத்தெரிவிற் பங்காளியாயினார். அட்டன், நுவரெலியா முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இம்மாற்றம் விளைத்த நன்மையையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்பு 1925 இல் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினர்க்கென நிறுவப்பெற்ற ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போரின் பின் இலங்கை அரசின் வசமாயிற்று. 1950 இல் வர்த்தக சேவை உதயமானது. 1952 இல் இந்தியாவில் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இருந்த இடத்தைச் சுருக்கினார். இந்திய நேயர்கள் கொழும்பை நாடினர். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ அவ்வாண்டிலேயே தோன்றிற்று. தமிழில் வர்த்தக சேவையின் முதல் அறிவிப்பாளராய் எஸ். பி. மயில்வாகனம் பெரும்புகழ் எய்தினார்.

இக்குரல் மலையகத்தை எட்டிய காலம் கவனிக்கத்தக்கது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர்; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. மின்விளக்குப் பரவாத லயங்களில் மின்கலத்தால் இயங்கும் வானொலிப்பெட்டி பின்னரே இடம்பெற்றது. நேயர் விருப்ப நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் பாடலோடு கேட்டவரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே கூறுவார். அரசின் வாக்காளர் இடாப்பில் இடம்பெறாத பெயர் வானலையில் இடம்பெறக்கூடியதாயிற்று. அஃது உரிமைக்கு ஈடாகாதெனினும், ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அதுவும் ஓர் அங்கீகாரமே.

1970 இல் அமைந்த அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டுக் கலைகளுக்கு வாய்ப்புப் பெருகிற்று. வானொலி அறிவிப்பாளரான எஸ். கே. பரராஜசிங்கம் தாமே பாடகராகி ஈழத்து மெல்லிசையை வளர்த்தார். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப் பாடல்கள் வானொலி வழியே வீடுதோறும் பரவின. பைலாவின் தாளமும் பேச்சுத் தமிழும் இவற்றிற் கலந்தன. மனோகரனின் புகழுக்குக் காரணமான ‘சுராங்கனி’ 1977 இல் இளையராசா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்திலும் இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து பாடலை வாங்கிய நாடு, பாடலை வழங்கும் நாடுமாயிற்று. பி. எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’, கேட்டுப் பழகிய பொதுமக்களையே ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது.

ஆயினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. கொழுந்து பறிப்போரின் பாட்டும், தாலாட்டும் ஒப்பாரியும், காமன் கூத்தின் தப்பொலியும் இசைத்தட்டில் அடங்கியவை அல்ல. அறிவிப்பாளரின் கைக்கு எட்டாதவை நேயரின் செவிக்கும் எட்டுதல் அரிது. திரைப்பாடல் ஒலித்த அளவுக்கு இவை ஒலிக்கவில்லை. 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகிய கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் திரட்டி நூலாக்கியமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. எனினும் ஏட்டில் ஏறுவது சொல்லே, மெட்டு ஏறுவதில்லை.

1964 ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. குடும்பங்கள் பிரிந்தன, பாடுவோரும் கேட்போரும் இரு கரைகளிலாயினர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்விடைக்காலத்தில் மறைந்த முதியோருடன் மறைந்த மெட்டுக்கள் பல.

புதிய இசைஞருக்கு அவை கிடைக்கச் செய்த அறிவிப்பாளரின் தொண்டு போற்றற்குரியது. அவர் தெரிவுக்குள் வாராதவற்றைக் காப்பது நம் கடன். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் உளது. விடுமுறைக்குத் தோட்டம் செல்வோர் தம் பாட்டியரின் பாடலை மெட்டோடு பதிந்து வருவாராயின், நாளைய வரலாற்றாசிரியர் அவர்க்குக் கடப்பாடுடையராவர்.