தறவாடும் மருத்துவமனையும்

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மருமக்கத்தாயம் என்னும் தாய்வழி முறையைப் பின்பற்றிய குடும்பமொன்றில், மரத்திலிருந்து விழுந்தோ வண்டி கவிழ்ந்தோ ஒருவனுக்குத் தலையில் பலத்த அடிபட்டு, நினைவு தடுமாறி நாவும் குழறிப்போய்விட்டால், அவன் போய்ச் சேரவேண்டிய இடம் தாயும் சகோதரிகளும் வாழ்ந்த தறவாடுதான். மனைவியின் வீட்டுக்கு அவன் வந்துபோகும் விருந்தாளி. சகோதரியின் வீட்டிலோ பிறப்புரிமை பெற்ற அங்கத்தினன். உழைக்க இயலாதவனுக்கும் குடும்பச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் உண்டு என்பதை நியாயஸ்தலங்கள் ஒப்புக்கொண்டிருந்தமையால், அறிவு கலங்கிய தமையனுக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டும் தங்கை, பாசத்தால் செய்த அந்தப் பணியைக் குடும்பத்தின் கடமையாகவும் செய்தாள்.

அந்த ராஜ்யத்தின் அரச குடும்பமும் இதே தாய்வழி முறையில் வந்ததே. ஸ்வாதித் திருநாளுக்குப் பின் பட்டத்துக்கு வந்த அவர் தம்பி உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, ஐரோப்பிய வைத்தியத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். மனித எலும்பைத் தீண்ட ஆசாரம் இடங்கொடாமையால், உடற்கூறு பயில்வதற்கென்று யானைத் தந்தத்தில் ஓர் எலும்புக்கூட்டைச் செய்வித்துக்கொண்டார் என்பர். அவருக்குப் பின் ஆண்ட ஆயில்யம் திருநாளின் காலத்தில், 1865-இல், இன்று ஜெனரல் ஆஸ்பத்திரி என வழங்கும் பொது மருத்துவமனை திருவனந்தபுரத்தில் எழுந்தது. மருந்தையும் கட்டிலையும் சர்க்கார் தந்தது; கட்டிலருகே இருந்து காக்கும் பொறுப்போ வீட்டாரிடமே நின்றது. கூட்டிரிப்பு என்று மலையாளத்தார் வழங்கும் அந்த வழக்கம், தறவாட்டின் திண்ணையிலிருந்து மருத்துவமனையின் வராந்தாவுக்கு இடம் மாறியதே தவிர, இயல்பு மாறவில்லை.

மூளையைத் திறந்து சிகிச்சை செய்யும் சாஸ்திரம் நம் தேசத்தில் வேரூன்றியது மிகப் பிந்தித்தான். 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், அதையடுத்துச் சென்னையில் பி. ராமமூர்த்தியும் அதற்கு அஸ்திவாரம் இட்டனர். திருவனந்தபுரத்தில் 1951-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று, டாக்டர் எம். சாம்பசிவன் போன்றோரின் உழைப்பால் அங்கே நரம்பு அறுவைச் சிகிச்சை வளர்ந்தது. பின்னர் 1973-இல் அரச குடும்பத்தார் கேரள மக்களுக்கு அளித்த கட்டடத்தில், எம். எஸ். வலியத்தான் என்னும் இருதய அறுவை நிபுணரின் தலைமையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் உருவெடுத்தது. இருதயத்துக்கும் மூளைக்குமென்றே அமைந்த அந்த ஸ்தாபனத்தை 1976-இல் அப்போதைய திட்டக் கமிஷன் துணைத் தலைவர் பி. என். ஹக்ஸர் திறந்துவைத்தார், 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

அந்த 1976-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 1 அன்று, கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டமும் அமலுக்கு வந்தது. மூளையைக் குணப்படுத்தும் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டிலே, காயப்பட்டவனைத் தாங்கிவந்த குடும்ப அமைப்பின் கடைசிச் சட்டப் பிடிமானமும் நீங்கியது. இது ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1925-இன் நாயர் ரெகுலேஷனும், அடுத்த ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென வந்த ரெகுலேஷனும் தறவாட்டுச் சொத்தைப் பங்கிட வழி திறந்துவிட்டிருந்தன. அவை வந்ததும் நியாயமே. மனைவி மக்களைத் தெருவில் நிறுத்தி, தறவாட்டுத் தலைவர்களான காரணவர்களின் வழக்குச் செலவுக்கே சொத்தைக் கரைத்த அந்த முறையின் கொடுமையை, திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் தமிழ் போதித்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தில் எள்ளி நகையாடியிருக்கிறார். ஆயினும் தறவாட்டைப் பங்கிட்டபோது நிலமும் தென்னையும் பாத்திரபண்டங்களும் பங்காயினவேயன்றி, நோயாளியைக் காக்கும் கடமை யார் பங்கிலும் எழுதப்படவில்லை.

எழுதப்படாத அந்தக் கடமையைச் சுமப்பவர்களை இன்றும் மருத்துவக் கல்லூரி வாசலிலும் ஸ்ரீ சித்திரையின் வாசலிலும் காணலாம். அவர்களில் கன்னியாகுமரி, திருநெல்வேலித் தமிழர் பலர். கன்னியாகுமரியைச் சேர்ந்த நாஞ்சில் நாடு 1956-இல் எல்லை மாறித் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும், தலைக்காயமென்றால் நாஞ்சில் நாட்டார் பலர் பஸ்ஸும் ரயிலும் ஏறுவது வடக்கு நோக்கித்தான். பைக்கிலிருந்து விழுந்த தம்பியின் கையைப் பிடித்து, "இது என்ன ஊரு? நான் யாரு? சொல்லுடே" என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்கும் அக்காள், மூக்குக் குழாயில் கஞ்சித் தெளிவு விடவும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும் நர்ஸிடம் கற்றுக்கொள்கிறாள், இளைஞர் சங்கத்தார் வீடுவீடாகத் திரட்டிக் கொண்டுவரும் பொதிச்சோற்றை வாங்க வரிசையில் நிற்கிறாள். மூளையின் முன்பகுதி அடிபட்டவனுக்குக் கோபம் மிகும், வெட்கம் குறையும், எதிலும் ஊக்கம் அற்றுப்போகும். அது அவனுடைய பழைய முரட்டுத்தனமா, காயத்தின் விளைவா என்று பிரித்துச் சொல்லத்தக்கவள், சிறுவயதிலிருந்து அவனோடு சண்டையிட்டு வளர்ந்த அவளே. முதல் ஆறு மாதங்களில் விரைந்து தெரியும் முன்னேற்றம் பிறகு மந்தப்பட்டாலும், வருஷக்கணக்கில் தொடரக்கூடும். அத்தனை வருஷமும் பெற்றோர் உயிரோடிருப்பர் என்பது நிச்சயமில்லை. கடைசிவரை உடன் நிற்கக்கூடிய உறவு உடன்பிறப்பே.

இதனைச் சர்க்கார் அறவே மறந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. 2008-இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை இந்தியாவிலேயே முதன்முதலாக வகுத்தது கேரளம். படுக்கையிலுள்ள நோயாளியைக் காப்பதற்காகப் பிற வேலைக்குப் போக இயலாதவருக்கு 'ஆசுவாசகிரணம்' என்னும் திட்டத்தின் கீழ் மாதந்தோறும் ஒரு சிறு உதவித்தொகையும் ஏற்படுத்தியது. பராமரிப்பவரும் ஊதியத்துக்கு உரியவர் என்னும் கொள்கையை ஓர் அரசு ஏற்றதே பெரிய விஷயந்தான். ஆனால் தறவாடு தன் இயலாத அங்கத்தினனுக்கு ஆயுள் முழுவதும் அளித்துவந்த சோற்றுக்கும் கூரைக்கும் அந்தத் தொகை எவ்விதத்திலும் ஈடாகாது. அக்குடும்ப முறையை ஒழித்த அரசு, அது செய்துவந்த காரியத்தையும் ஏற்றுக்கொண்டால்தான் கணக்கு நேராகும். அதுவரை, ஒரு குடும்பத்தில் ஒருவர் தலைக்காயத்தோடு வீடு திரும்பினால், மூத்த சகோதரி ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் சுமத்தாமல், அண்ணன் தம்பிமாரும் முறைவைத்து இரவு விழிப்பதே நியாயம்.