பன்னாட்டுத் தாழ்வெப்பநிலை இயற்பியல் மாநாடு

பன்னாட்டுத் தாழ்வெப்பநிலை இயற்பியல் மாநாடு என்பது மீகடத்துத்திறன், காந்தவியல், மீப்பாய்மங்கள், மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளை எட்டும் நுட்பங்கள் ஆகியவை குறித்து 1949 முதல் நடைபெற்றுவரும் இயற்பியல் மாநாட்டுத் தொடர் ஆகும். இது சுருக்கமாக எல்டி என்றும், ஒவ்வொரு மாநாடும் அதன் வரிசை எண்ணுடன் எல்டி-1, எல்டி-2 என்றும் குறிக்கப்படுகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த இம்மாநாடு, 1972க்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறலாயிற்று.

பின்னணி

நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னசு 1908 சூலை 10 அன்று ஈலியத்தை முதன்முதலில் நீர்மமாக்கினார். 1911ல் அதே ஆய்வகத்தில், ஏறத்தாழ 4 கெல்வின் வெப்பநிலையில் பாதரசத்தின் மின்தடை மறைவது கண்டறியப்பட்டது. இதுவே மீகடத்துத்திறன் எனப்படுகிறது. 1923ல் டொராண்டோவில் ஈலியம் நீர்மமாக்கப்படும் வரை, 15 ஆண்டுகளுக்கு இத்துறை லைடன் ஆய்வகத்திற்கு மட்டுமே உரியதாக இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் காலின்சு வடிவமைத்த ஈலிய நீர்மமாக்கி பல ஆய்வகங்களுக்கும் கிடைத்தது. இதனால் தாழ்வெப்பநிலை ஆய்வில் ஈடுபடுவோரின் எண்ணிக்கை பெருகியது. முதல் மாநாடு 1949ல் அக்கழகத்திலேயே கூடியது.

வரலாறு

மீகடத்துத்திறனுக்கு ஏற்கத்தக்க கோட்பாடு ஒன்று உருவாக 46 ஆண்டுகள் ஆயின. பார்டீன், கூப்பர், சிரீஃபர் ஆகிய மூவரும் இலத்திரன்கள் இணைகளாகச் சேர்வதன் அடிப்படையில் அக்கோட்பாட்டை அமைத்தனர். அவர்களின் சுருக்கமான அறிவிப்பு 1957ன் தொடக்கத்திலும், முழுக் கட்டுரை அவ்வாண்டு திசம்பரிலும் வெளிவந்தன. மேடிசன் நகரில் கூடிய எல்டி-5 இவ்விரண்டிற்கும் இடையில், ஆகஸ்ட் மாதத்தில் நிகழ்ந்தது.

1962 விவாதம்

இத்தொடரில் மிகுதியும் நினைவுகூரப்படும் நிகழ்வு 1962 செப்டம்பரில் இலண்டனில் நடந்த எல்டி-8 மாநாட்டு விவாதம் ஆகும். கேம்பிரிட்ச் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான பிரயன் ஜோசப்சனுக்கு அப்போது வயது 22. இரு மீகடத்திகளுக்கு இடையே மிக மெல்லிய மின்காப்புப் படலம் இருந்தாலும், இலத்திரன் இணைகள் அதனை ஊடுருவிச் செல்லும் என்றும், மின்னழுத்தம் ஏதுமின்றியே மின்னோட்டம் பாயும் என்றும் அவர் அவ்வாண்டு கணித்திருந்தார். இலத்திரன்களின் இணைவு படலத்தினுள் நீடிக்காது எனக் கூறி பார்டீன் இதனை மறுத்தார். பார்டீன் அக்காலத்தில் திரிதடையத்திற்காக நோபல் பரிசு பெற்றவர். மீகடத்துக் கோட்பாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவர். அதே மாநாட்டில் இலண்டன் நினைவுப் பரிசையும் பெற்றவர். இருவரும் அவையோர் முன்னிலையில் தத்தம் நிலையை எடுத்துரைத்தனர்.

மறு ஆண்டே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிலிப் ஆண்டர்சனும் ஜான் ரோவலும் இம்மின்னோட்டத்தைச் சோதனை மூலம் கண்டறிந்தனர். சிறிய காந்தப்புலமும் அதனைப் பாதிப்பதை அவர்கள் கண்டனர். பார்டீன் தம் மறுப்பைக் கைவிட்டார். ஜோசப்சன் 1973ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளையில் எழும் மிகச் சிறிய காந்தப்புலங்களை அளக்கும் கருவிகளும், மின்னழுத்த அளவைத் தரங்களும் இவ்விளைவின் அடிப்படையில் இயங்குகின்றன.

காந்தவியலும் மீகடத்துத்திறனும்

மீகடத்தி தன் உட்பகுதியிலிருந்து காந்தப்புலத்தை வெளியேற்றும். வலிய காந்தப்புலம் மீகடத்துத்திறனை அழித்துவிடும். ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை எனக் கருதப்பட்டன. பிற்காலக் கண்டுபிடிப்புகள் இக்கருத்தை மாற்றின.

* 1972ல் ஈலியம்-3 மீப்பாய்மமாவதை லீ, ஆசரோஃப், ரிச்சர்ட்சன் ஆகியோர் அறிவித்தனர். தாம் கண்ட மாற்றம் திண்ம ஈலியத்தில் நிகழ்வது என்றே அவர்கள் முதலில் எண்ணினர். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடுகளே அது நீர்மத்தில் நிகழ்வதைக் காட்டின. இங்கு இணையும் அணுக்கள் காந்தப் பண்பையும் இழப்பதில்லை.
* 1986ல் பெட்னோர்சும் முல்லரும் செப்பு ஆக்சைடு மீகடத்திகளைக் கண்டறிந்தனர். 1987ல் இவ்வகைச் சேர்மம் ஒன்று நீர்ம நைட்ரசனின் கொதிநிலையான 77 கெல்வினுக்கு மேலும் மீகடத்தியாயிற்று. இவற்றின் தாய்ச் சேர்மங்கள் எதிர்ஃபெரோ காந்தங்கள் ஆகும். எல்டி-18 அவ்வாண்டில் கியோட்டோவில் கூடியது.
* 2008ல் ஓசோனோவின் குழு இரும்பைக் கொண்ட சேர்மத்தில் 26 கெல்வினில் மீகடத்துத்திறனைக் கண்டது. இரும்பின் காந்தத் தன்மை மீகடத்துத்திறனைக் கெடுக்கும் என்பதே அதுவரை பொதுவான எண்ணமாக இருந்தது.

இலண்டன் நினைவுப் பரிசு

1954ல் மறைந்த இயற்பியலாளர் பிரிட்சு இலண்டனின் நினைவாக 1957 முதல் இப்பரிசு வழங்கப்படுகிறது. முதற்பரிசைப் பெற்றவர் நிக்கோலசு கூர்த்தி. இதனைப் பெற்ற லாந்தாவு (1960), ஜோசப்சன் (1970), அப்ரிகோசொவ் (1972), லெகெட் (1981), தௌலசு (1984) ஆகியோர் பின்னர் நோபல் பரிசும் பெற்றனர்.

நடைபெற்ற இடங்கள்

* 1949–1958: கேம்பிரிட்ச் (மாசச்சூசெட்சு), ஆக்சுபோர்டு, ஊசுட்டன், பாரிசு, மேடிசன், லைடன்
* 1960–1972: டொராண்டோ, இலண்டன், கொலம்பசு, மாசுக்கோ, செயின்ட் ஆண்ட்ரூசு, கியோட்டோ, போல்டர்
* 1975–1990: ஒட்டானியெமி, கிரெனோபிள், லாசு ஏஞ்சலசு, கார்ல்சுரூ, கியோட்டோ, பிரைட்டன்
* 1993–2008: யூசின், பிராகா, எல்சிங்கி, இரோசிமா, ஒர்லாண்டோ, ஆம்சுடர்டாம்
* 2011–2025: பெய்சிங், புவெனசு ஐரிசு, கோத்தென்பர்க், சப்போரோ, பில்பாவோ

2020ல் நடைபெற வேண்டிய சப்போரோ மாநாடு (எல்டி-29) கொரோனா பெருந்தொற்றால் 2022க்குத் தள்ளிவைக்கப்பட்டது. எல்டி-30 எசுப்பானியாவின் பில்பாவோ நகரில் 2025ல் நடைபெற்றது.

தொடர்புடைய மாநாடுகள்

காந்தவியலுக்கெனத் தனியே பன்னாட்டுக் காந்தவியல் மாநாடு 1958ல் கிரெனோபிளில் தொடங்கியது. உயர்வெப்பநிலை மீகடத்திகள் கண்டறியப்பட்ட பின், மீகடத்துப் பொருள்களுக்கும் அவற்றின் இயங்கமைவுகளுக்குமான தனித் தொடர் 1988ல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் தொடங்கப்பட்டது.