வைத்தியர் இல்லை என்றால் யாரிடம் கேட்பது? வடக்கின் இலவச சுகாதாரமும் அதன் கதவுகளும்

அம்மாவுக்குக் கிளினிக் நாள் என்றால் எங்கள் வீட்டில் அதிகாலை நான்கு மணிக்கே விளக்கு எரியும். வன்னியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஊர் எங்களுடையது. முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் இலக்கத் துண்டு கிடைக்காது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல வருடங்களாக அம்மா இப்படித்தான் மருந்து எடுத்து வருகிறார்.

சில காலத்துக்கு முன் அவருடைய காலில் சிறிய புண் ஒன்று வந்தது. பக்கத்திலுள்ள சிறிய அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்கு எவரும் வரவில்லை. “இரண்டு நாள் கழிச்சு வாங்கோ அம்மா, பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டர் வந்து பார்ப்பார்” என்றார் அங்கிருந்த ஊழியர். இரண்டு நாள் கழித்தும் வைத்தியர் வரவில்லை. பெரிய வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும் என்று அம்மா தள்ளிப்போட்டார். கடைசியில் போனபோது ஒரு விரலை அகற்ற வேண்டியதாயிற்று.

வைத்தியர் ஏன் இல்லை என்று கேட்டுத் திரிந்தேன். வைத்தியசாலையில், மாவட்டப் பணிமனையைக் கேளுங்கள் என்றார்கள். மாவட்டத்தில், மாகாணத்தைக் கேளுங்கள் என்றார்கள். மாகாணத்தில், நியமனம் கொழும்பு அமைச்சின் கையில் என்றார்கள். மூவரும் சொன்னது உண்மை என்பது பிறகுதான் விளங்கியது. நான் ஊடகக் கற்கை படித்தவள். அலுவலகங்களில் கேள்வி கேட்பது என் தொழில். எனக்கே இந்த அலைச்சல் என்றால், எங்கள் ஊரின் மற்றத் தாய்மார் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? அவர்களுக்காகவே நான் தேடி அறிந்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இலவச வைத்தியம் வந்த வழி

வடக்கில் நவீன மருத்துவத்துக்கு நீண்ட வேர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். பின்னர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே கற்பித்தார். நோயாளியின் மொழியில் மருத்துவம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல.

அரச பொதுச் சுகாதார சேவையின் இன்றைய வடிவம் 1926இல் களுத்துறையில் அமைக்கப்பட்ட சுகாதாரப் பிரிவோடு தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தின் மக்களுக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரியும் அவருடைய குழுவும் பொறுப்பு என்ற முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934, 1935இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் வைத்தியசாலை கேட்டார்கள். கிராமப்புறங்களுக்கு வைத்தியசாலைகள் வந்தன. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை என்ற உறுதி அன்று கிடைத்தது. நோயாளிக்கு எட்டும் தூரத்தில் வைத்தியர் இருப்பார் என்ற உறுதி அதற்குள் அடங்கவில்லை. அம்மாவின் விரல் அந்த இடைவெளியில்தான் போனது.

யார் எதற்குப் பொறுப்பு?

1987இல் வந்த 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாண சபைகளுக்குப் பகிர்ந்தது. பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மகப்பேற்று மனைகள், தாய் சேய் நலம், போசாக்கு, உணவுச் சுகாதாரம் என்பன மாகாணப் பட்டியலில் உள்ளன. போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைகளுக்கான வைத்தியசாலைகளும் மத்திய அரசிடமே இருக்கின்றன.

இதை எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். கர்ப்பிணியின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும், கிணற்றையும் கடையையும் சோதிக்கும் பொதுச் சுகாதார பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர்கள். தடுப்பூசி, பிள்ளையின் நிறை, டெங்கு ஆகியவற்றுக்கு அந்தப் பணிமனைதான் கதவு. சிறிய வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவ பராமரிப்புப் பிரிவுகளும் மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகின்றன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என ஐந்து மாவட்டங்களுக்கும் ஐந்து பிராந்தியப் பணிமனைகள் உண்டு. அவற்றுக்கு மேலே மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர். யாழ். போதனா வைத்தியசாலை மாகாணத்தைத் தாண்டி, கொழும்பு சுகாதார அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் உள்ளது.

கட்டடம் மாகாணத்துடையது என்றாலும், அதற்குள் இருக்க வேண்டிய வைத்தியர் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர். அவருடைய நியமனமும் வருடாந்த இடமாற்றமும் மத்திய அமைச்சின் ஊடாக நடக்கின்றன. அரச வைத்தியசாலைகளுக்கான மருந்தும் பெரும்பாலும் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவின் ஊடாகவே வருகிறது. உள்ளகப் பயிற்சி முடித்த வைத்தியர்களுக்குத் தரவரிசையின்படி இடங்கள் கிடைக்கும்போது, பஸ் குறைந்த, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலை இல்லாத ஊர்கள் கடைசிவரை எஞ்சுகின்றன. வெற்றிடம் விழுந்தால் மாகாணம் கடிதம் எழுதலாம். தானே ஒரு வைத்தியரை நியமித்து அனுப்ப முடியாது.

இவற்றையெல்லாம் அரசியல் மட்டத்தில் கேட்க வேண்டியது மாகாண சபை. வடக்கு மாகாண சபைக்கான முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் நீண்ட காலமாகத் தேர்தல் இல்லை. மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடக்கிறது. எங்கள் வாக்கில் தெரிவான மாகாண சுகாதார அமைச்சர் ஒருவர் இருந்தால், அம்மாவின் காலைக் காட்டி அவரிடம் கேட்டிருப்பேன்.

பொறுப்பு ஏற்றவர்கள் இருந்த காலங்கள்

தலைமைத்துவம் என்றதும் பணிப்பாளர் நாற்காலிதான் பலருக்கு நினைவுக்கு வரும். 2009இன் வன்னியை அனுபவித்தவர்களுக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வரும். வைத்தியசாலைகள் பாடசாலைகளுக்கும், பிறகு தறப்பாள்களுக்குள்ளும் இடம்பெயர்ந்தபோது, ஒரு சில அரச வைத்தியர்களும் தாதியரும் தொண்டர்களும் கடைசிவரை சனத்தோடு நின்றார்கள். முன்னரங்குகளில் இருந்த வைத்தியசாலைகள் திட்டமிட்டு எறிகணை வீச்சுக்கு உள்ளானதாகவும், மருத்துவப் பொருட்கள் மறுக்கப்பட்டதாகவும் நம்பகமான குற்றச்சாட்டுகள் இருப்பதாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. பொதுமக்களை வெளியேற விடாமல் தடுத்தது உட்பட விடுதலைப் புலிகள் மீதான குற்றச்சாட்டுகளையும் அதே அறிக்கை பதிவுசெய்தது. அந்த மாதங்களில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல்கள் ஏறத்தாழ 14,000 நோயாளர்களையும் அவர்களுடன் சென்றவர்களையும் வெளியே கொண்டு சென்றன. போர் முடிந்ததும், கடைசிவரை நின்ற வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

இன்னொரு உதாரணத்தை நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளர்களே இருந்தார்கள். கவனம் தளர்ந்ததும் நோய் திரும்பி வந்தது. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. அதில் பெரும் பங்கு போர் நடந்த பகுதிகளில். அந்த நிலையிலும் நடமாடும் பரிசோதனைகளும், வீட்டுச் சுவர்களுக்கு மருந்து தெளித்தலும், மருந்தூட்டிய நுளம்பு வலைகளும் இரு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் சென்றன. நாட்டுக்குள் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபடுத்தியது.

சோதனைச் சாவடிகளைத் தாண்டி இரத்தப் பூச்சு எடுக்க ஆட்கள் போன நாட்டில், சமாதான காலத்தில் ஒரு வைத்தியர் வெற்றிடத்தை நிரப்ப முடியவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். மலேரியாவில் கடைசி ஊரின் கடைசி நோயாளரும் கணக்கில் வந்தார். காய்ச்சல் கண்ட ஒவ்வொருவருக்கும் யார் பொறுப்பு என்பது எழுதப்பட்டிருந்தது. நீரிழிவுக் கிளினிக்குக்கு வராமல் விட்ட ஒருவரைத் தேடிப்போகும் பொறுப்பு எங்கள் ஊரில் எவரிடமும் இல்லை.

சேவை செய்பவர்களின் நலன்

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். தன் பிரிவோடு வெற்றிடமாக உள்ள பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார். “பிள்ளை, நானும் முள்ளிவாய்க்காலால வந்தவள்தான். வீடுகளுக்குப் போனால் நிறையப் பார்க்கிறதோடை அவையின்ரை கதையையும் கேட்கவேணும். கேட்டிட்டு வந்து நான் ஆரிட்டைச் சொல்லுறது?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதர்களோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கிறது என்பதைத் தன் ஆய்வுகளில் விரிவாக எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அதே ஊரிலிருந்து வந்து அதே ஊருக்குச் சேவை செய்யும் தாதியும், சாரதியும், மருந்தாளரும் அந்தக் காயத்துக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டது, பல வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். எஞ்சியவர்களின் சுமை இன்னும் கூடியது. வரிசையில் எரிந்து விழும் தாதியைக் கண்டால் எனக்கும் கோபம் வரும். அவருக்கு ஒழுங்கான விடுதியும் லீவும் இருக்கிறதா என்பதை யார் கவனிக்கிறார்கள் என்றும் இப்போது யோசிக்கிறேன். தெற்கிலிருந்து வந்து, நோயாளரிடமே தமிழ் பழகி, நல்ல பேர் எடுத்துப் போன இளம் வைத்தியர்களும் எங்கள் பக்கம் உண்டு. தமிழும் அரசகரும மொழி. நோயாளிக்குத் தன் மொழியில் விளக்கம் கிடைப்பது ஒரு வைத்தியரின் நல்ல மனதில் மட்டும் தங்கியிருக்கக் கூடாது.

நாங்கள் செய்யக்கூடியவை

வைத்தியர் இல்லை, மருந்து இல்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள். சிறிய வைத்தியசாலை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதி, மாகாணப் பணிப்பாளருக்குப் பிரதி அனுப்புங்கள். வைத்தியர் வெற்றிடம் என்றால் சுகாதார அமைச்சின் செயலாளருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் உள்ள நல்ல கருவி. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. “இந்த வைத்தியசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, இப்போது கடமையில் இருப்போர் எத்தனை பேர், வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து, அதை நிரப்பக் கேட்டு எழுதிய கடிதங்களின் பிரதிகள் எவை” என்று குறிப்பாகக் கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டுக்குரிய அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம்.

வைத்தியசாலைகளில் இயங்கும் அபிவிருத்திக் குழு, நோயாளர் நலன்புரிச் சங்கம் போன்றவற்றின் கூட்டங்களுக்குப் பெண்களும் போக வேண்டும். கிளினிக் வரிசையில் நிற்பவர்களில் அதிகமானோர் பெண்கள்தானே. அவசரமென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். வடக்கில் இச்சேவை 2018இல் தொடங்கியது. மனம் தாங்க முடியாமல் இருந்தால் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். நீரிழிவு உள்ளவரின் காலில் புண் கண்டால் வைத்தியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அடுத்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அது நான் தாமதமாகக் கற்றது.

நானும் அந்தக் கடிதத்தை எழுதினேன். பதில் வந்தது. வைத்தியர் பதவி அனுமதிக்கப்பட்டிருந்தது, வெற்றிடத்தை நிரப்பும்படி மாகாணமும் எழுதியிருந்தது. கோவை கொழும்பில் நின்றிருந்தது. பதிலின் பிரதியைக் கோவில் வாசலிலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டினோம். ஊரவர்கள் கையெழுத்திட்டு அமைச்சுக்கு இன்னொரு கடிதம் போனது. சில மாதங்களின் பின் கிழமையில் இரண்டு நாட்களுக்கு ஒரு வைத்தியர் வரத் தொடங்கினார். எங்கள் கடிதத்தால்தான் வந்தார் என்று சொல்லமாட்டேன். மற்ற ஐந்து நாட்களுக்காக அடுத்த கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை முதல் கையெழுத்து அம்மாவுடையது.